சிலம்படி மேடு என்று ஓர் இடம் இல்லை

தம்பி அறிவழகா,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று சில ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்தேன். திரையில் உன் முகம் வந்ததும் வாய் வேறு எதையோ பேசத் தொடங்கிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் என்று வேலை கிடக்கிறது, இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு நைசாகச் சொல்கிறது. அப்படித் தள்ளிப் போட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. படித்து முடித்ததும் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். உன்னுடைய ஊர்ப்பேர் மேப் இருக்கிற அதே இணையப் பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டுவிடு. உனக்கு மட்டும் சொன்னால் தீர்கிற விஷயம் இல்லை இது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் கண்டக்டராக ஓடியே தலை நரைத்தவன் நான். கொஞ்ச காலம் திருமழபாடி வண்டி, கொஞ்ச காலம் வாலிகண்டபுரம் வழியாகப் போகிற வண்டி. ஸ்டாப் பேரைக் கூவுவது என் பிழைப்பு. 'மழபாடி, மழபாடி' என்று படியில் தொங்கிக்கொண்டு கத்தியபோது அந்தப் பேருக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நீதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாய், பாடி என்றால் தங்கிய இடம், மழவர்கள் தங்கிய இடம் மழபாடி ஆயிற்று என்று. பழு என்றால் ஆலமரம், அதிலிருந்து வந்ததுதான் கீழப்பழுவூர் என்றும் சொன்னாய். அந்த ஊருக்கு நான் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுகளைப் போட்டால் ஒரு அறை நிறையும். ஆனால் எனக்கு அது தெரியாது. ஆனாலும் 'ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்' என்றேன். பார்த்துக்கொள், அது சின்னப் பொய். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

உங்க அம்மா போன பிறகு நம் பேச்சு எப்படிச் சுருங்கிப் போச்சு என்று உனக்கே தெரியும். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டுட்டேன்." "அங்க மழையா?" "இல்ல, நல்ல வெயிலு." அதோடு முடிந்தது. நீயும் என்ன பேசுவாய், நானும் என்ன பேசுவேன்? நமக்கு நடுவில் இருந்து பேச்சை நடத்தியவள் அவள்தான். நீ போனை வைத்ததும் இந்த வீட்டில் ஒரு அமைதி வரும். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த ஃபேன்தான். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் எந்த நிலையில் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் உனக்கு அந்த ஸ்காட்லாந்து வேலை அமைந்தது. கேலிக் என்று ஒரு பழைய பாஷை, அதில் இருக்கிற ஊர்ப் பேர்களுக்கு அர்த்தம் கண்டுபிடித்து, இன்ன பேர் இன்ன இடம் என்று மேப்பில் குறிக்கிற வேலை. நீ அதைச் சொன்னபோது இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் நீ சொல்லச் சொல்ல எனக்கே ஆசை வந்துவிட்டது. இன்வர் என்றால் ஆற்றின் வாய், நெஸ் ஆறு கடலில் சேர்கிற வாய்தான் நீ இருக்கிற இன்வர்னெஸ் என்றாய். ஏதோ ஒரு மலைப் பேரைச் சொல்லி, அதற்குச் சிவப்பு மலை என்று அர்த்தம், சாயங்கால வெயிலில் நின்று பார்த்தால்தான் ஏன் அந்தப் பேர் வைத்தார்கள் என்று புரிகிறது என்றாய். ஆடு மேய்க்கிற பெரியவர்களோடு சேற்றில் நடந்து, இந்தத் திட்டுக்கு என்ன பேர், அந்த ஓடைக்கு என்ன பேர் என்று கேட்டு எழுதுகிறாய் என்றாய். அன்றைக்கு நீ ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாய். நான் எத்தனையோ நாளைக்கு அப்புறம் சந்தோஷமாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

அதே மாதிரி நம் பக்கத்துக்கும் ஒரு மேப் போடப் போகிறேன், எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்டபோது நான் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் நீ என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டு வந்ததில்லை. முதலில் நான் சொன்னதெல்லாம் நிஜம், தம்பி. ஒத்தைப்பனை ஸ்டாப்பில் பனை எப்போது விழுந்தது, செக்கடியில் செக்கு யார் வீட்டு வாசலில் கிடக்கிறது, சுமைதாங்கி என்கிற இடத்தில் கல் எந்தப் பக்கம் இருந்தது, எல்லாம் நான் கண்ணால் கண்டது. நீ கேட்டாய், நான் சொன்னேன், நீ சிரித்தாய். ஆனால் கண்டக்டருக்குத் தெரிந்ததெல்லாம் ரோட்டோரம்தானே? ரோட்டை விட்டு இறங்கி ஒரு காட்டுக்குள் நான் போனதில்லை. சீக்கிரமே என் சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு நீ கேட்ட மூன்று இடத்துக்கும் தெரியவில்லை என்றேன். "சரிப்பா, பரவால்ல, உடம்பப் பாத்துக்குங்க" என்று நீ வைத்துவிட்டாய். மறுபடியும் ஃபேன் சத்தம்.

அடுத்த வாரம் நீ கேட்டது அம்மா பிறந்த ஊரை. அரியலூர் தாண்டி ஓடையந்தட்டு. ஊரே இப்போது இல்லை, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சுரங்கமாகிவிட்டது. அங்கே இருந்த சனமெல்லாம் பெரம்பலூர், திருப்பூர், சென்னை என்று சிதறிப் போய்விட்டார்கள். அந்த ஊர்க் காடு கழனிப் பேரெல்லாம் உங்க அம்மாவுக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் என் வண்டியிலேயே ஊருக்கு வருவாள், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து. வண்டி அந்தப் பக்கம் திரும்பியதும், "என்னங்க, அந்தா தெரியுது பாருங்க, அதுக்குப் பேரு" என்று ஏதோ ஆரம்பிப்பாள். நான் டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பேன். "சும்மா வாயேன் கொஞ்ச நேரம், ஆளுங்க பாக்கறாங்க" என்பேன். பின்னால் அந்த இடத்தில் பள்ளம் தோண்டி, வெட்டிய மண்ணை மலை மாதிரி குவித்த பிறகும் அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவாள். "அங்கனதான் இருந்துச்சு" என்பாள். என்ன இருந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் வருவாள். அவளுக்கு ஊர் ஞாபகம் விட்டுப்போச்சு என்று நான் நிம்மதியாக இருந்தேன். எப்படிப்பட்ட ஆள் நான், பார்.

நீ கேட்டாய்: "அம்மா வூட்டு குலசாமி எங்கப்பா இருந்துச்சு? கன்னிமார் கல்லுன்னு அம்மா சொல்லுவாங்களே, அந்த எடத்துக்கு என்ன பேரு?" எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் நீ வைத்துவிடுவாய். அந்த நேரம் பக்கத்து வீட்டுக் குழந்தை சலங்கை கட்டிக்கொண்டு டான்ஸ் பழகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் என் வாயில் பேராக வந்தது. "சிலம்படி மேடு" என்றேன். உன் முகம் அப்படியே மாறிப்போச்சு. "ஏம்ப்பா அந்தப் பேரு?" என்றாய். "கன்னிமாருங்க நடந்தா சிலம்புச் சத்தம் கேக்குமாம், பெரியவங்க சொல்லுவாங்க" என்றேன். எந்தப் பெரியவங்களும் சொல்லவில்லை. நீ மேப்பைத் திரையில் காட்டி எந்த இடம் என்று கேட்டாய். சுரங்கத்துக்குள் போய்விட்டது என்று சொன்னால் உன் முகம் வாடிவிடுமே என்று, பள்ளத்துக்கு வெளியே, ஓடைக்கு வடக்கே, பச்சையாகத் தெரிந்த ஒரு மேட்டைச் சொன்னேன். "அப்பா, அப்ப அது இன்னும் இருக்குப்பா! அம்மா சாமி எடம் இன்னும் இருக்கு!" என்று நீ எழுந்தே நின்றுவிட்டாய். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு நான் எப்படி இல்லை என்பேன்? அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்கப்புறம் ஓடையந்தட்டைப் பற்றி நான் சொன்ன பேர் அத்தனையும் வாரம் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொண்டு சொன்னது. வெள்ளிவாய்க்கால், மயிலாடிக் கரை, எல்லாமே. எல்லாம் காதுக்கு அழகாக இருந்ததா? அதுதான் அடையாளம். நிஜப் பேர் அவ்வளவு அழகாக இருக்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு தடவை நீயே என்னைக் குத்தினாய், உனக்குத் தெரியாமல். அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் மேப் போட வந்து காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனார்கள், யாரோ ஒருத்தர் அலட்சியமாகச் சொன்னது இன்னும் மேப்பில் உட்கார்ந்திருக்கிறது, அதைக் களைகிறதுக்குள் உயிர் போகிறது என்றாய். "அப்படிச் சொல்றவங்களுக்கு என்னப்பா கெடைக்கும்?" என்று கேட்டாய். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ அங்கே பெரிய மனிதர்கள் நடுவில் நின்று சிலம்படி மேட்டைப் பற்றிப் பேசினாய், படம் அனுப்பினாய். அந்தப் படத்தை நான் போனில் திறந்து திறந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது, பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உன் மேப் ஓடையந்தட்டுக்காரர்களின் வாட்ஸப் குரூப்புக்குப் போய்ச் சேரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆடி பிறந்ததும் உன் மாமன் பழனிவேல் போன் பண்ணினான். உங்க அம்மாவின் தம்பி, எதற்கும் குரல் உயர்த்தாதவன், அன்றைக்கு அழுதுகொண்டே பேசினான். "மாமா, அக்கா இருந்து பாக்கலியே மாமா. நம்ம சாமி எடம் கெடைச்சிருச்சு. ஊரு ஆளுங்க எல்லாம் வரேன்னுட்டாங்க. வெள்ளிக்கெழம கல்லு நடுறோம். நீங்க முன்ன நின்னு நடத்தணும்." நான் சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன், தம்பி.

நீ வீடியோவில் பார்த்தாய் அல்லவா, அந்த வெள்ளிக்கிழமையை? ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, திருப்பூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். எனக்குத்தான் முதல் மாலை போட்டார்கள். வீடியோவில் வராத ஒன்று நடந்தது. உன் செல்லம்மா பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவள், வேனை விட்டு இறங்கி அந்த மேட்டில் ஏறி நின்றாள். சுற்றிப் பார்த்தாள். கிழக்கே பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "இது இல்ல போல இருக்கேடா பழனி. நாங்க வெளக்கு வைக்க வர்றப்ப ஓடை நமக்கு இந்தக் கைப் பக்கமில்ல வரும்?" என்றாள். பழனிவேல், "அக்கா, அறிவு மேப்புல போட்டிருக்கான். மாமா சொன்ன எடம்" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பொங்கல் பானையைப் பார்த்தேன். "அப்படியா. அப்ப எனக்குத்தான் மறந்து போச்சு" என்று சொல்லி, அவள் கீழே விழுந்து கும்பிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையோடு முடிந்திருந்தால் நான் இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் அது அவளை உள்ளே போய் அரித்துவிட்டது. தான் பிறந்து வளர்ந்து தினம் விளக்கு வைத்த இடமே மறந்துவிட்டதென்றால் வேறு எதுதான் ஞாபகம் இருக்கும் என்று பயந்துவிட்டாள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவதும், பேரன் பேரைச் சொல்வதற்கு முன் தயங்குவதுமாக இருந்திருக்கிறாள். பெரியம்மா மகன், உன் அண்ணன் முருகேசன் நல்ல பிள்ளை, பயந்துபோய் திருச்சிக்கு அழைத்துப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்தான். மறதிக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். பீரோ சாவியை மருமகள் வாங்கி வைத்துக்கொண்டாள். தனியாகக் கடைக்குப் போக விடவில்லை. இதெல்லாம் எனக்குப் பழனிவேல் மூலம் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, 'வயசாச்சுல்ல' என்று சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு நாள் பெரம்பலூருக்கு அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். உன் கல்யாணத்துக்கு நாள் பார்த்ததைச் சொல்லப் போனேன். எப்போதும் வாசலுக்கே வந்து சத்தமாக "வாங்க கண்டக்டரே" என்று கூப்பிடுகிறவள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் காபி வைத்துவிட்டுப் போனதும் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"கண்டக்டரே, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வூட்ல யார்ட்டயும் கேக்க முடியல. நான் ஓடையந்தட்டுக் காடு பேரெல்லாம் வரிசையாச் சொல்றேன். நீங்க கேட்டுக்கிட்டே வாங்க. எது சரி, எது தப்புன்னு சொல்லுங்க. எவ்வளவு போயிருக்கு, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிக்கிறேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊரின் மேற்குப் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பித்தாள். ஆமாம், நடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "மொதல்ல கோணக்குண்டு. அது வளைஞ்சு கெடக்கும், ஏர் திரும்பாது. அத ஒட்டி சண்டக்காடு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு வரப்புக்கு அடிச்சிக்கிட்டது. அப்பறம் நாவமரத்துக் காடு. அங்க எறங்குனா பொத்தக் கெணறு. தண்ணி உப்பு. சரிதானே?" ஒவ்வொன்றுக்கும் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. நான் தலையை ஆட்டினேன். எனக்கு அதில் ஒரு பேர்கூடத் தெரியாது. ஆனால் இதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உங்க அம்மா ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்திய பேர்கள் என்று மட்டும் தெரிந்தது.

"கெணத்தத் தாண்டி ஓடைய ஏறுனா உப்புக்கொட்டி" என்றாள். சொல்லிவிட்டு அவளாகவே நிறுத்திக்கொண்டாள். "மருவு, பாலுண்ணின்னு வந்தா கன்னிமாருக்கு உப்பு வாங்கியாந்து கொட்டுவோம். அதனால அந்த எடமே உப்புக்கொட்டி. அப்படித்தான் எனக்கு இருக்கு. ஆனா அது சிலம்படி மேடாமே? அறிவு புஸ்தகம் படிச்சவன், அவன் தப்பாவா போடுவான்? நானா ஏதோ கனவு கண்டு வச்சிருக்கேன். பாருங்க, சாமி எடத்தையே மாத்தி வச்சிருக்கேனே கண்டக்டரே." அவள் அழுதாள். சத்தம் வெளியே கேட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, சிலம்படி மேடுன்னு ஒரு எடமே இல்ல" என்றேன். "நான் புள்ளகிட்ட பொய் சொன்னேன். நீங்க சொல்றதுதான் சரி."

அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "அப்ப எனக்கு மறக்கல?" என்று கேட்டாள். "மறக்கல அண்ணி." "ஒண்ணும் மறக்கல?" "ஒண்ணும் மறக்கல." உடனே கட்டிலை விட்டு எழுந்தாள். "முருகேசா! இங்க வாடா. இவரு சொல்றத வந்து கேளுடா!" என்று வீடே அதிரக் கத்தினாள். அவன் ஓடி வந்தான், மருமகளும் வந்தாள். அவர்கள் முன்னாலும் ஒரு தடவை சொன்னேன். முருகேசன் என்னை அடித்திருக்கலாம். அவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

சந்தோஷம் தணிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றாள். "தெரியாதுன்னா புள்ள போன வச்சிருவான்னு" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது தெரியுமா? "ஒங்க புள்ளதானே? வைக்காதடா, கொஞ்சம் நேரம் இருடான்னு சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா?" என்றாள். அப்புறம், "எந்தங்கச்சி செத்தன்னிக்கு ஒங்களுக்குப் பேச்சே வல்ல. எங்களுக்கெல்லாம் பாவமா இருந்துச்சு. அவ உசிரோட இருந்தப்பவும் வல்லயே. அவகிட்ட ஒரு நாளு கேட்டிருந்தா உப்புக்கொட்டின்னு சொல்லியிருப்பா" என்றாள். 

அடுத்த நாளே பழனிவேலிடமும் உண்மையைச் சொல்லி, அவன், முருகேசன், பெரியம்மா, நான் என்று நாலு பேரும் காரில் போனோம். சுரங்கத்தைச் சுற்றிக் கம்பி வேலி. பெரியம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு ஓடை வருகிற திசையைப் பார்த்தாள், கொஞ்சம் நடந்தாள், திரும்பி வந்தாள், கையை நேராக நீட்டினாள். அவள் விரல் காட்டிய இடத்தில் மண் இல்லை. வெறும் ஆகாசம். கீழே அடி ஆழத்தில் லாரி ஒன்று தீப்பெட்டி அளவுக்கு ஊர்ந்து போனது. உப்புக்கொட்டி அந்தப் பள்ளத்துக்கு மேலே, காற்றில் இருக்கிறது, தம்பி. உன் மேப்பில் குறிக்கிறதானால் அங்கேதான் குறிக்க வேண்டும். அவள் முந்தானையில் முடிந்து வந்திருந்த உப்பை எடுத்து வேலிக்கு மேலாக வீசினாள். எதிர்க்காற்று. பாதி எங்கள் மேலேயே விழுந்தது. பழனிவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உப்பைத் துடைத்தானா வேறு எதையாவது துடைத்தானா, நான் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது அவன் என்னோடு பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை. உன் கல்யாணத்துக்கு வருவான், உனக்காக வருவான். என்னை மாமா என்று கூப்பிடுவானா என்பது தெரியாது. நீ அவனைச் சமாதானப்படுத்தப் போகாதே. அது என் பாடு.

முருகேசன் அம்மாவை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னான். அவர் பேசிப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். பீரோ சாவி திரும்ப அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. ஆனால் நான் ஒன்று கவனித்தேன். இப்போதும் ஏதாவது சொல்லி முடித்ததும் ஒரு கணம் எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்கிறாள், சரிதானே என்கிற மாதிரி. முன்பு அந்தப் பழக்கம் அவளிடம் இல்லை. அது போகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கட்டிக்கப் போகிற ரேவதி ஆண்டிமடத்துப் பக்கத்துப் பெண். அவளுக்கும் ஒரு முந்திரிக்காடும், அதற்குள் யாருக்கும் தெரியாத பத்துப் பேர்களும் இருக்கும். இன்வர்னெஸ்ஸில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு சாயங்காலம், சம்பந்தமே இல்லாமல், 'எங்க ஊர்ல ஒரு எடம் இருக்குங்க' என்று ஆரம்பிப்பாள். உனக்கு வேலை இருக்கும். நீ யார் யாரையோ தேடிப் போய்க் கேட்கிறவன், சேற்றில் நின்று கேட்கிறவன். வீட்டுக்குள் கேட்பதற்கு அதைவிடப் பொறுமை வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் சொன்ன பேருக்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. அவள் பாதியில் நிறுத்துகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. ஒரு தடவை நிறுத்தினால் மறு தடவை ஆரம்பிக்க மாட்டார்கள்.

உன்னையும் நான் சங்கடத்தில் விட்டுவிட்டேன். அங்கே உன்னை நம்பிக் கேட்டவர்களிடம் நீ போய், என் அப்பா சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். என் பேரைக் காப்பாற்ற வேண்டாம். யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று பூசி மெழுகாதே. கண்டக்டராக இருந்த என் அப்பா, தெரிந்தே சொன்னார் என்று சொல். ஓடையந்தட்டுப் பேர்களில் நான் சொன்னது எல்லாவற்றையும் எடுத்துவிடு. பெரியம்மா சொல்வாள், அவளைக் கேட்டுப் போடு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு இருக்கிற நேரத்தை இனி அவளுக்குக் கொடு. அவளுக்கு மேற்குப் பக்கம் முடிந்து இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் உன்னால் எடுக்க முடியாது. பழனிவேல் அந்த ஏழு கல்லையும் பிடுங்கி எறியத்தான் போனான். அங்கே போனால் யாரோ பக்கத்து ஊர்ப் பெண்கள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தி குழந்தைக்குப் பேர் வைக்க வந்திருந்தாளாம். பெரியம்மாவிடம் வந்து கேட்டான். "கும்புட்டாச்சு, இனி எப்படிடா தூக்கி வீசுவ? இருக்கட்டும். ஆனா உப்பு மட்டும் அங்க கொட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். போன வாரம் நானே அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. அங்கே முன்பு ஸ்டாப்பே கிடையாது. கண்டக்டர் சின்னப் பையன், என்னை அவனுக்குத் தெரியாது. படியில் தொங்கிக்கொண்டு, "சிலம்படி மேடு எறங்கு, சிலம்படி மேடு" என்று கூவினான். இரண்டு பெண்கள் தேங்காய்ப் பழத்தோடு இறங்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆக, அந்தப் பேர் இருக்கப்போகிறது. உன் மேப்பில் நீ எடுத்தாலும் வேறு எவனாவது போடுவான். அதனால் எடுக்காதே, வைத்துக்கொள். உப்புக்கொட்டியை ஆகாசத்தில் அதன் இடத்தில் வை, இதை இதன் இடத்தில் வை. அர்த்தம் என்கிற இடத்தில் சிலம்பு, கன்னிமார் என்று நான் சொன்னதை அடித்துவிட்டு இப்படி எழுது: மகன் போனை வைத்துவிடக் கூடாது என்று ஒரு தகப்பன் சொன்ன பேர்.

இப்படிக்கு,
உன் அப்பா